சோதனைக்காரன் இல்லாத பட்டறை

"மாத்திரைய ஒழுங்கா போடுறீங்களா, இல்லையா?" என்று டாக்டரம்மா என் தம்பியைக் கேட்டாள். அவன் கண் மஞ்சள், வயிறு பானை. மஞ்சள் காமாலைக் கிருமிக்கு ஆறு வாரமாக மாத்திரை விழுங்கியும் ரத்தத்தில் கிருமி குறையவில்லை.

"ஒரு நாள் விட்டதில்லம்மா. போன வருஷம் அண்ணனுக்கும் இதே மாத்திரைதான். பன்னெண்டு வாரம் முழுசா போட்டாரு. காலி அட்டைய நான்தான் குப்பையில போட்டேன்."

அட்டை காலிதான். மாத்திரை போனது சாக்கடைக்கு.

நாலாவது வாரம் என் ரத்தத்தைப் பார்த்து, கிருமி தெரியவில்லை என்றார்கள். தெரியாத கிருமிக்கு எதற்கு இன்னும் எட்டு வாரம்? கம்பெனிக்காரன் கொழுக்க நான் விழுங்குவதா? தம்பி நச்சரிப்பான் என்று தினம் ஒன்றைப் பிதுக்கி எறிந்தேன். ரேசரைத் தனியாக வைக்கச் சொன்னதையும் கேட்கவில்லை. வீட்டில் இரண்டு கிழவர்கள், ஒரே ரேசர்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள். "அந்தக் கிருமி தன்னோட ஆர்.என்.ஏ. இழைய வெச்சு ஒரு எதிர் இழை செய்யும். அதுல இருந்து அசல் மாதிரியே எடுத்துத் தள்ளும்."

நாற்பது வருஷம் வார்ப்படப் பட்டறையில் மண் குத்தியவன் நான். மரமாதிரியை மண்ணில் பதித்தால் குழி. குழியில் இரும்பை ஊற்றினால் மறுபடி அதே மாதிரி.

"அச்சு மாதிரியா?" என்றேன்.

"அதேதான் பெரியவரே. ஆனா தப்பு விழுந்தா திருத்த ஆளில்ல. தப்பான பிரதி நிறைய செத்துடும். ஏதோ ஒண்ணு மாத்திரைக்குப் பிடிபடாம தப்பிச்சிடும். யாராவது பாதியில நிறுத்தினா அது மட்டும் பெருகி அடுத்தவருக்குப் போகும்."

எங்கள் பட்டறையில் சோதனைக்காரன் சுத்தியலால் தட்டிப் பார்த்து ஓட்டை விழுந்த வார்ப்பை ஒதுக்குவான். இங்கே ஓட்டைதான் பிழைக்கிறது.

"இவர் விட்டு விட்டுப் போட்டிருந்தா இதையே தொடரலாம். கிருமி மாறியிருந்தா இன்னைக்கே வேற மருந்து. சோதிச்சுப் பார்க்க மூணு வாரம் ஆகும். இவர் ஈரல் அவ்வளவு தாங்காது."

"நான் பொய் சொல்லலம்மா," என்றான் தம்பி. "எங்கண்ணன் முறைக்கிற முறைப்புக்கு ஒரு மாத்திரை தப்பாது. கேட்டுப் பாருங்க."

அவள் நம்பாமல் பழைய மாத்திரையையே எழுதத் தொடங்கினாள்.

"எழுதாதீங்க," என்றேன். "அவன் போட்டான். நான்தான் போடல. நாலு வாரத்தோட நிறுத்திட்டேன். ரேசரும் ஒண்ணுதான்."

அவள் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு மருந்து எழுதினாள். "இது பிடிக்கும்னு உறுதி சொல்ல முடியாது," என்றாள். எனக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னாள்.

பஸ் நிறுத்தத்தில் தம்பி மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"அந்த எட்டு வாரமும் தினம் நான்தானே மாத்திரைக்கு வெந்நீர் ஆத்திக் கொண்டு வந்தேன்? அத என்ன பண்ணின?"

"குடிச்சேன்டா."

தலையாட்டினான். பஸ் வந்ததும் அவனைப் படியேற்றிவிட நான் கை நீட்டினேன். அவன் கம்பியைப் பிடித்து ஏறினான்.