உள்ளங்கை போதும்

சின்னவள் மணல் தொட்டிக்குள் பாதி உடம்பைச் சாய்த்து, பெயின்ட் பிரஷால் தோண்டிக்கொண்டிருந்தாள். மியூசியத்தில் அன்று குடும்பங்களுக்கான நாள். மணலில் புதைத்து வைத்த பழம்பொருளைப் பிள்ளை தோண்டி எடுக்க, பெற்றவர்கள் அதைத் தாளில் வரைய வேண்டும். மற்ற அப்பாக்கள் நாக்கைத் துருத்திக்கொண்டு வரைந்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் தூண் ஓரமாக, வலது கையை பேன்ட் பைக்குள் விட்டபடி நின்றார். கம்பெனி பிரஸ் மெஷின் அந்தக் கையின் நடு மூன்று விரல்களை எடுத்து எட்டு மாதம் ஆகிறது. வந்தவர்கள் எல்லாம் ஆறுதல் சொன்னார்கள். ஆறுதல் கேட்டுக் கேட்டே மனிதர் பாதியாகிவிட்டார். இன்றைக்கும் மகளின் அழுகைக்குப் பயந்துதான் வந்தார். நானே வரைந்தேன்.

கிடைத்தது ஒரு பானை ஓடு. மேலே வரிவரியாய்த் தடம்.

"கயித்தோட அச்சு இது," என்றாள் அங்கே வேலை பார்க்கும் பெண். "பானை ஈரமா இருக்கும்போது சுத்தி அழுத்தியிருக்காங்க. கயிறு மக்கிப்போச்சு, அச்சு தங்கிடுச்சு. எப்படி முறுக்கினாங்கன்னு அந்த அம்மாகிட்ட கேளு. அவங்க ஜனங்க இன்னும் முறுக்குறாங்க."

மியூசியம் இருக்கும் அந்த நிலத்தின் ஆதிகுடியைச் சேர்ந்த அம்மாள் தரையில் பாய் விரித்து, மரப்பட்டை நாருக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். சின்னவள் இரண்டு இழையை முறுக்கினாள், விட்டதும் பிரிந்துகொண்டது.

"அப்பாவைக் கூப்பிடு, தொடைமேல வச்சு உருட்டணும், தொடை பெரிசா இருக்கணும்," என்றார் அந்த அம்மாள்.

"எனக்கு வராதுங்க," என்றார் இவர்.

"அப்பாவுக்கு மூணு விரல் மெஷின்ல போயிடுச்சு," என்றாள் சின்னவள், மழை பெய்கிறது என்பதுபோல.

அந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உள்ளங்கை இருக்கில்ல? போதும். இதுல விரல் நுழைஞ்சா முறுக்கு கெட்டுப்போகும். காலையிலேர்ந்து விரல் இருக்கறவங்ககிட்டதான் நான் மாரடிச்சுட்டு இருக்கேன். பேன்ட்டைச் சுருட்டிட்டு உட்காருங்க, துணியில வழுக்கும்."

இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பியபோது அவர் பாயில் இருந்தார். இடது கையில் நார், வலது உள்ளங்கை தொடைமேல் போய்ப் போய் வந்தது. இழைகள் தாமாகவே ஒன்றையொன்று தழுவிக்கொண்டன.

"பழகின கை," என்றார் அம்மாள். "இருந்து இந்தப் பிள்ளைங்களுக்கும் முறுக்கிக் குடுங்க. எனக்கு இடுப்பு போச்சு."

நன்றி சொல்லப் போனேன். "எதுக்கும்மா," என்று அவர் என் கையிலும் ஒரு பிடி நாரைத் திணித்தார். "கிழிச்சுக் குடு, உன் ஆளு வேகமாப் போறாரு."

மூடும் நேரம் வரை கிழித்துக் கொடுத்தேன். பிள்ளைகள் ஆளுக்கொரு இழை சேர்த்தார்கள். முறுக்க முறுக்கச் சின்னவள் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். கண்ணாடிப் பெட்டிகளைத் தாண்டி, படியிறங்கி, வாசல் வெயிலுக்குள் போய்விட்டாள். உள்ளேயிருந்து அவள் தெரியவில்லை. கயிறு மட்டும் லேசாகத் துள்ளியது.

"இன்னும் விடுங்கப்பா," என்று வெளியிலிருந்து குரல் வந்தது.