கேரலின் வளையத் துப்பாக்கி

ஈஜிபுராவில் இருந்த அந்தக் கல்யாண மண்டபத்துக்கு அன்றைக்கு முகூர்த்தம் எதுவும் இல்லாததால், வீடியோ கேம் ரசிகர்கள் அதை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். கேம்களில் வருகிறவர்களைப் போல வேஷம் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராக மணமேடையில் ஏறி இறங்கினார்கள். முதல் வரிசையில் நடுவர் நாற்காலியில் ருக்கு மதியச் சாப்பாட்டின் அசதியோடு மார்க் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வேலை பீன்யாவில், இன்வெர்ட்டர் செய்யும் ஒரு கம்பெனியில். மற்ற நேரத்தில் யூடியூபில் உட்கார்ந்து, கேம்களில் வரும் ஆயுதங்களின் இயற்பியலைப் பிரித்து மேய்வாள். காற்றே இல்லாத இடத்தில் வெடிச்சத்தம் எப்படிக் கேட்கிறது, அவ்வளவு பெரிய பீரங்கியைச் சுட்டவன் ஏன் பின்னால் பறந்து போகவில்லை என்றெல்லாம் கேட்டுச் சிரிக்க வைப்பாள். அவற்றில் நிறையப் பேர் பார்த்தது வளையத் துப்பாக்கி வீடியோ. செப்புக் கம்பி வளையங்களில் மின்சாரத்தைப் பாய்ச்சி, அந்தக் காந்த இழுப்பில் இரும்புக் குண்டை எறிகிற துப்பாக்கி அது. கேமில் கட்டைவிரல் அளவு பேட்டரியை வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சுடும். "இதுல ஒரு ஈகூடச் சாகாது" என்று சொல்லி வீடியோவை முடித்திருந்தாள்.

இப்போது அதே துப்பாக்கியோடு ஒருத்தி மேடை ஏறினாள். அவள் பெயர் கேரல். பல் செட் செய்யும் லேபில் வேலை, ருக்கு வயதுதான் இருக்கும். அலுமினியத் தகட்டில் கவசம், விரல் விரலாக மடங்கும் உலோகக் கையுறை. முழங்கையிலிருந்து நீண்ட துப்பாக்கி வலது கையோடு பெல்ட் போட்டு இறுக்கியிருந்தது. வேலைப்பாடு அவ்வளவு சுத்தம். ருக்கு பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"ருக்கு மேடம், இதுல ஒரு ஈகூடச் சாகாதுன்னு சொன்னீங்க" என்றாள் கேரல் மைக்கில். "இன்னிக்கு உங்க முன்னாடியே சுடறேன்."

கூட்டம் விசிலடித்தது. மேடையின் பின்பக்கத் திரையை ஒட்டி ஒரு தெர்மகோல் பலகை நின்றது. திரைக்குப் பின்னால் வேஷத் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள். கேரல் ஒரு பொத்தானை அழுத்தினாள்.

மெல்லிய ஒரு கீச்சொலி கிளம்பி ஏறிக்கொண்டே போனது. மற்றவர்களுக்கு அது கேம் சத்தம். ருக்குவுக்கு அப்படியில்லை. கம்பெனியில் தினமும் கேட்கிற சத்தம்தான் அது. கெப்பாசிட்டர்களில் மின்சாரம் ஏறுகிறது. துப்பாக்கியின் வயிற்றில் கறுப்பாக இருந்த நான்கு உருளைகளும் பொம்மை இல்லை. ஒருமுறை நிரம்பிவிட்டால் ஆளைக் கொன்றுபோடும் அளவுக்கு அவற்றில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

கீச்சொலி நின்றது. கேரல் குறிபார்த்து விசையை இழுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தாள். பின்வரிசையில் யாரோ சிரிக்க, அது பரவியது. கேரலின் முகம் சிவந்துபோனது. ஸ்விட்சை அணைத்துவிட்டு, துப்பாக்கியின் பக்கவாட்டு மூடியை இடது கையால் நெம்பினாள். உள்ளே அந்த உருளைகளை இணைக்கும் இரண்டு செப்புப் பட்டைகள் பளிச்சென்று தெரிந்தன.

"கேரல், உள்ளே கை வைக்காதீங்க" என்று ருக்கு எழுந்தாள்.

"ஒயர் லூஸா இருக்கு மேடம். ஆஃப் பண்ணிட்டுத்தான் பாக்கறேன்."

"ஆஃப் பண்ணா ஏறறதுதான் நிக்கும். ஏறினது உள்ளேயே இருக்கும்."

"வேலை செய்யாதுன்னுதானே சொன்னீங்க? இப்ப சந்தோஷமா?" கையுறை மாட்டிய விரல்கள் பட்டையை நோக்கிப் போயின. கூட்டம் இதையும் நாடகம் என்று நினைத்துக் கைதட்டியது.

ஓடிப்போய்க் கையைப் பிடிக்கலாம். பிடித்த நேரத்தில் விரல் பட்டுவிட்டால்? பக்கத்தில் நின்ற ரவிக்குமார்தான் நிகழ்ச்சியை நடத்துகிறவன். ருக்கு அவன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"நான் சொன்னது தப்பு. நீங்க செஞ்சது சுடும். நிஜமா வேலை செய்யற துப்பாக்கி அது. அதனாலதான் சொல்றேன், கையை எடுங்க."

கேரல் நிமிர்ந்து பார்த்தாள். ருக்குவின் முகத்தில் என்ன தெரிந்ததோ, விரல்கள் அந்தரத்தில் நின்றன. பிறகு மெதுவாகப் பின்வாங்கின. கைதட்டல் அடங்கியது.

"சார்ஜை இறக்க உள்ளே ரெசிஸ்டர் ஏதாவது வெச்சீங்களா?"

கேரல் இல்லை என்று தலையாட்டினாள். "பெல்ட்டைக் கழட்டவா மேடம்?"

"வேண்டாம், ஆடாம நில்லுங்க. குழலை மட்டும் அந்த ஓரத்துச் சுவர் பக்கம் திருப்புங்க. ரவி, அங்கே இருக்கிறவங்களை எழுப்பி அனுப்புங்க."

"சொல்ப டைம் குடுங்க மேடம், கொஞ்சம் பொறுங்க, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடறேன்."

"அதுவரைக்கும் அவங்க கை தாங்காது. உள்ளே துணி இஸ்திரி போடறாங்களே, அந்தப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லுங்க."

திரைக்குப் பின்னாலிருந்து இஸ்திரிப் பெட்டியோடு வந்தவள் பெர்னதெத், கேரலின் அக்கா. விஷயம் புரியாமல் தங்கையைப் பார்த்துச் சிரிக்கப் போனவள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

ருக்கு மேடை ஏறினாள். இஸ்திரிப் பெட்டியின் திருகைக் கடைசிவரை திருப்பினாள். திருப்பாமல் விட்டால் அதற்குள் மின்சாரம் ஓடாது; ஓடினால்தான் தேங்கியது சூடாக மாறி இறங்கும். பிளக்கின் பிளாஸ்டிக்கை மட்டும் பிடித்துக்கொண்டு, அதன் பித்தளைக் கம்பிகளைப் பட்டைகளுக்கு நேரே கொண்டுபோனாள். கேரலின் மணிக்கட்டுக்கும் பட்டைக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடம்தான் இருந்தது.

"மூச்சு விடுங்க" என்றாள் ருக்கு, தானும் விடாமல்.

டப்பென்று ஒரு நீலப்பொறி. கேரலுக்குத் தூக்கிவாரிப்போட்டது, ஆனால் கை அசையவில்லை. ருக்கு பிளக்கை எடுக்காமல் அழுத்திப் பிடித்திருந்தாள். எடுத்துவிட்டு மறுபடி வைத்தபோது பொறி வரவில்லை. இன்னொரு தடவை வைத்தாள். வரவில்லை.

"அவ்வளவுதான். கழட்டுங்க."

பெர்னதெத் பெல்ட்டை அவிழ்த்தாள். துப்பாக்கியைக் கீழே வைத்ததும் கேரல் மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரவிக்குமார் அவளைப் போட்டியிலிருந்து நீக்குவதாக மைக்கில் சொன்னான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நிஜமாவே சுட்டிருக்குமா, இல்ல சும்மா சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

ருக்கு துப்பாக்கிக்குள் குனிந்து பார்த்தாள். விசைக்குப் போகும் கம்பி ஒன்று பற்றவைத்த இடத்தில் விட்டிருந்தது. கம்பிச் சுற்று சரி, ஆணி கனத்தில் சீவிய இரும்புக் குண்டும் சரியான இடத்தில் இருந்தது.

"சுட்டிருக்கும்" என்றாள்.

"தெர்மகோல்ல குத்தி நின்னிருக்கும், இல்லையா?"

கேமில் குண்டு குறியைத் தொட்டதும் மறைந்துபோகும். பொய் சொல்லலாம் என்றுகூட ருக்குவுக்குத் தோன்றியது. "இல்லைங்க. தெர்மகோல் நிறுத்தாது. திரையையும் கிழிச்சிருக்கும்."

கேரல் மெதுவாகத் திரும்பி அந்தத் திரையைப் பார்த்தாள். காற்றில் அது விலகியபோது தெர்மகோல் பலகைக்கு நேர் பின்னால் இஸ்திரி மேஜை தெரிந்தது. மேஜைமேல் அக்கா பாதி தேய்த்து விட்டுவந்த ஒரு சட்டை.

தண்ணீர் பாட்டிலோடு பெர்னதெத் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏண்டி இப்படி வேர்த்திருக்கு? குடி." கேரல் பாட்டிலை வாங்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ருக்குவைப் பார்த்து, சொல்ல வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தாள்.

ருக்கு சரி என்று தலையாட்டினாள். துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, உருளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள்.