நான்கு டிகிரி

'தடால்' என்று சத்தம். ஏணியிலிருந்து யாரோ விழுந்துவிட்டார்கள் என்று பதறி ஓடினேன். தரையில் கிடந்தது மேஸ்திரி சுவரின் நேர் பார்க்கும் ரசமட்டம். அவரே வீசியிருந்தார்.

"இத இனிமே நான் எதுக்கு வச்சுக்கணும் மேடம்? முப்பது வருஷம் நேரா கட்டிப் பேர் வாங்கினேன். இந்த ஒரு சுவத்துல அத்தனையும் காலி. பாக்கறவன் மேஸ்திரிக்குத் தண்ணிப் பழக்கம்னுதான் சொல்வான்."

"வரைபடத்துல என் கையெழுத்துதானே இருக்கு?"

"சுவத்துல என் கை இருக்கே!"

அவர் கோபத்தில் நியாயம் உண்டு. முன்பக்கம் ஓவியக்கூடம், பின்பக்கம் என் கட்டட வடிவமைப்பு ஸ்டூடியோ. நடுவில் நிற்கும் நீளச் சுவரில் ஜன்னல் விளிம்பு, அலமாரித் தட்டு, படம் மாட்டும் கம்பி எல்லாமே வலப்பக்கம் நான்கு டிகிரி சரியும்.

எல்லாம் அக்காவின் படங்களிலிருந்து எடுத்தது. எனக்கும் அவளுக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அம்மா ஆலைக்குப் போன பகல்களில் என்னை வளர்த்தவள் அவள்தான். எனக்கென்று ஓர் இடம் கட்டினால் அதில் அவள் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். பரணில் கிடந்த, அவள் பதினைந்து வயதில் வரைந்த பென்சில் படங்கள் அறுபத்திரண்டையும் கோணமானி வைத்து அளந்தேன். பாலம், ரயில் நிலையம், எதிர்வீட்டு மாடி, எதை வரைந்திருந்தாலும் தரை சரிந்திருந்தது. அடுத்த வருடப் படங்களில் கோடுகள் சட்டென்று நேராகிவிட்டன. சுவரில் எழுத வாசகம்கூடத் தயார். 'உலகை நம்ப மறுத்த காலம்', 'உலகோடு சமாதானமான காலம்'.

படங்களை அந்தச் சுவரில் மாட்ட அக்காதான் இன்னும் சம்மதிக்கவில்லை. பேக்கரியில் கேக்குகளுக்குக் கிரீம் பூ போடுவது அவள் வேலை. "நான் ஓவியரா? போடீ" என்று போனை வைத்துவிடுவாள். அவள் வேண்டாமென்றால் ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழாவில் வெறும் சுவர்தான். கெஞ்சிக் கூத்தாடியதில் இன்று, வியாழக்கிழமை, ஷிப்ட் முடிந்து வந்துவிட்டாள். முழங்கையில் காய்ந்த கிரீம்.

"இந்தச் சுவர் ஏன்டி இப்படி இருக்கு?"

"உன் படம்தான்க்கா. உன் சாய்வு."

"அப்பாடா, ஆள் கிடைச்சுது!" என்றார் மேஸ்திரி. "எல்லாத்துக்கும் நீங்கதான் காரணமாம்மா?"

அக்கா சிரிக்கவில்லை.

"டிராயிங் மாஸ்டர் ஒவ்வொரு தாள்லயும் சிவப்பு மையில 'கோணல்'னு எழுதுவார். கிளாஸே சிரிக்கும். ஓவியக் கல்லூரிக்கு இதையெல்லாம்தான் அனுப்பினேன். அவங்களும் திருப்பிட்டாங்க. நீ என்னடான்னா அந்தக் கோணலச் சுவராவே எழுப்பி, ஊரக் கூட்டிக் காட்டப் போற."

அறுபத்திரண்டு படங்களை அளந்த நான், ஏன் சாய்ந்தன என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நாளைக்கே இடிச்சிடறேன்க்கா."

"இடிக்கவா?" மேஸ்திரி அலறினார். "கஷ்டப்பட்டுக் கோணலாக்கியிருக்கேன் மேடம்!"

அக்கா என் மேஜையிலிருந்த வாசகத் தாளை எடுத்துப் படித்தாள். உதடு பிதுங்கியது.

"உலகை நம்ப மறுத்தேனா? நானா? இதெல்லாம் எங்கேருந்துடி புடிக்கறே?"

"பின்ன ஏன்க்கா சாய்ஞ்சுது?"

அவள் பையைக் கீழே வைத்தாள். தாளைத் திருப்பிப் போட்டு என் பென்சிலை எடுத்தாள். இடது கை தானாகப் பின்னால் வளைந்து, இல்லாத ஏதோ ஒன்றை இடுப்போடு அணைத்துக்கொண்டது. உடம்பு ஒருபக்கமாக ஒடிந்தது. அழுத்திப் பிடிக்கக் கையில்லாத தாள், பென்சில் போன போக்கில் மெல்ல நகர்ந்தது. கோடு வலப்பக்கம் சரிந்து இறங்கியது.

மேஸ்திரி கோட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

அக்காவும் சுவரைப் பார்த்தபடி நின்றாள், கையை இடுப்பிலிருந்து எடுக்காமலே.

"இடிக்க வேணாம்," என்றாள். "படத்த மாட்டிக்கோ. இந்த ரெண்டு வரிய மட்டும் கிழிச்சுப் போடு."

"அடுத்த வருஷம் எப்படிக்கா எல்லாம் நேராச்சு?"

"நீ நடக்க ஆரம்பிச்சிட்டே."