இரண்டாம் கேசட்டுக்கு முன்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அரியலூர்க் கடைத்தெருவில் டீக்கடைக்கு எதிர்மாடியில் இருந்த கேபிள் டிவி அறையில் நான்கு பேர் இருந்தார்கள். சுழல் நாற்காலியில் முதலாளி காசிநாதன். அவருக்கு வலப்பக்கம், ஜன்னலை ஒட்டிய ஸ்டூலில் அவர் மச்சான் ராசாங்கம். எதிரே சோபாவில், பிரியாணி சாப்பிட்ட கையைக் கைக்குட்டையில் துடைத்தபடி இரும்புக்கடைத் தங்கசாமி. கீழே பாயில், வீடியோ டெக்குக்கும் ஒரு சின்ன டிவிப் பெட்டிக்கும் முன்னால் வேம்பு. யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது பின்னால் தேவைப்படும் என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அந்த அறையிலிருந்துதான் ஊருக்குப் படம் போனது. டெக்கில் கேசட்டைப் போட்டால், கூரைக்குக் கூரை தாவிய ஒயர் வழியாக வீட்டுக்கு வீடு தெரியும். ஒரு சினிமாவுக்கு இரண்டு கேசட். முதலாவதை எடுத்து இரண்டாவதைப் போடும்வரை திரையில் பூச்சி பறக்கக் கூடாது என்பதற்காக, மூலையில் ஸ்டாண்டில் நிற்கும் காமிராவுக்கு ஸ்விட்சைத் திருப்பிவிடுவார்கள். காமிராவுக்கு எதிரே, கறுப்புத்துணி மறைப்புக்குள் ஓர் அட்டை. 'சற்றுப் பொறுக்கவும்' என்று மஞ்சள் பெயிண்டில் வேம்பு எழுதியது. ஜவுளிக்கடை விளம்பரம், காதுகுத்து அழைப்பு, காணாமல்போன மாடு எல்லாமே அவள் கையெழுத்தில்தான் ஊரார் வீட்டுக்குள் போயின.

காமிராவோடு சேர்ந்து மைக்கும் இருந்தது. ஆரம்பத்தில் அதை யாரும் யோசிக்கவில்லை. காசிநாதன் ஒருநாள் போனில் தன் பெண்சாதியைத் திட்டியது முழுக்க ஊருக்குள் போய்விட்டது. ஒரு வாரம் அவர் தலையைக் கண்டால் பிள்ளைகள்கூடச் சிரித்தன. அதற்கப்புறம் அவரே திருச்சிக்குப் போய் ஒரு டம்மி பின் வாங்கிவந்து மைக் துளையில் சொருகினார். பின் இருந்தால் காமிராவுக்குக் கண் மட்டும்தான். எடுத்தால் காதும் திறந்துகொள்ளும்.

வேம்புவின் அண்ணன் அரியமுத்து அங்கேதான் ஒயர் இழுக்கும் வேலை பார்த்தான். போன ஐப்பசி மழையில் கரண்ட் கம்பத்தில் ஏறியவன் பிணமாகத்தான் இறங்கினான். குடித்துவிட்டு ஏறினான் என்றார் காசிநாதன். சாராய நாற்றம் அடித்தது என்று ஸ்டேஷனில் சாட்சி சொன்னான் ராசாங்கம். காரியம்கூட முடியவில்லை, வேம்புவைக் கூப்பிட்டு ஓர் அட்டை எழுதச் சொன்னார்கள்: 'எங்கள் ஊழியர் அரியமுத்து குடிபோதையில் மின்கம்பத்தில் ஏறி மரணம். நிர்வாகம் பொறுப்பல்ல.' அவள் எழுதினாள். ஓர் எழுத்தும் கோணவில்லை. மூன்று நாள் அது ஊர் முழுக்கத் தெரிந்தது. வாழ்நாளில் கள்ளைக்கூட முகர்ந்து பார்க்காதவன், அன்றிலிருந்து தெருவுக்குக் 'குடிகார அரியமுத்து' ஆனான்.

அண்ணி இருசம்மாள் அன்றோடு வேம்புவிடம் பேச்சை நிறுத்தினாள். ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு அடுப்பு எரிந்தது. "புருசனக் கொன்னவன் வூட்டுச் சோத்துல உப்பு ஜாஸ்தியாமா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பாள். வேம்பு தன் அடுப்பை ஊதுவாள். அண்ணன் கம்பம் ஏறிய அன்று அந்த அறையில் நடந்ததை அவள் காதால் கேட்டிருந்தாள். ஆனால் அவள் சொன்னால் யார் நம்புவார்கள்? தங்கச்சிக்காரி அப்படித்தான் சொல்வாள் என்பார்கள். கறை பூசிய வாயே அதைக் கழுவ வேண்டும். அதற்காகத்தான் பத்து மாதமாக அந்தப் பாயை விட்டு எழுந்திருக்காமல் இருந்தாள். கறுப்படித்து வேறு எழுதச் சொன்ன அந்தக் 'குடிபோதை' அட்டையையும் மற்ற அட்டைகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தாள்.

பெரம்பலூர்வரை லைன் இழுக்கத் தங்கசாமியைக் கூட்டாளியாகச் சேர்க்க வேண்டும் என்பதற்குத்தான் அன்றைய பிரியாணி. முதல் கேசட் முடிந்தது. வேம்பு ஸ்விட்சைத் திருப்பினாள். டிவிப் பெட்டியின் சத்தத்தை அடியோடு குறைத்தாள். இல்லாவிட்டால் மைக் ஊளையிடும். மறைப்புக்குள் அட்டையைச் சரிசெய்வதுபோல் எழுந்துபோய் மாற்றினாள். திரும்பும்போது பின் அவள் உள்ளங்கையில் இருந்தது.

"நம்ம வூட்ல இப்ப படம் பளிங்காட்டம் தெரியுது காசி," என்றார் தங்கசாமி.

"உங்க வூட்டு லைனுன்னா உசுரக் குடுத்துல்ல பாக்குறோம்ண்ணே!"

"உசுரக் குடுத்தது எங்கண்ணனுங்க," என்றாள் வேம்பு, வேடிக்கைபோல.

காசிநாதன் ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா, அவளே சொல்றா. ஐப்பசியில மழை கொட்டுதுண்ணே. படம் தெரியலன்னு நீங்க போன் போட்டீங்கள்ல? கம்பத்து மேல கெடக்குற ஒயரத் தூக்கிக் கட்டுடான்னேன். மழை விடட்டும் மொதலாளின்னான்."

"விட்டபொறவு ஏறச் சொல்லியிருக்கலாமேப்பா. நான் அவசரம்னா சொன்னேன்?"

"படம் ஓடுறப்ப விடுறதாவது! ஏறலேன்னா நாளையிலேருந்து நீயும் வராத, ஒந் தங்கச்சியும் வர வேணாம்னேன். ஏறிட்டான். நம்ம தொழில்ல அந்தக் கண்டிசன் வேணும்ண்ணே."

"அன்னைக்கு அண்ணன் குடிச்சிருந்துச்சுங்களா?" என்றாள் வேம்பு.

"எதுக்கு இப்ப அதெல்லாம்? கேசட்டப் போடு," என்றான் ராசாங்கம்.

"கேக்கட்டும் விடுறா, பத்து மாசமா வாயத் தொறக்காத புள்ள. டீகூடக் குடிக்கல வேம்பு. வாங்கி வச்சது ஆறிப்போயிக் கெடந்துச்சு. என்னா பண்றது? குடிச்சான்னு சொல்லலேன்னா கேசு எந்தலையில விழும். இந்தா, இவந்தான் சாராய நாத்தம்னு சொல்லிக் காப்பாத்துனான்."

கீழே டீக்கடையில் எப்போதும் சந்தை இரைச்சல்தான். அது கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியதைக் காசிநாதன் கவனிக்கவில்லை. தெரு முழுக்க அடங்கிய பிறகுதான், தான் பேசுவது ஜன்னல் வழியாகத் தனக்கே திரும்பி வருவது உறைத்தது.

"என்னடா அது சத்தம்?" என்றார். டீக்கடை டிவியும், "என்னடா அது சத்தம்?" என்றது. தொண்டையைச் செருமினார். டீக்கடையும் செருமியது.

சின்னப் பெட்டியைப் பார்த்தார். திரையில் மஞ்சள் எழுத்தில் அரியமுத்து, குடிபோதை, நிர்வாகம் பொறுப்பல்ல.

அவர் பாய்ந்து வந்து கையை ஓங்கினார். வேம்பு நகரவில்லை. உள்ளங்கையைத் திறந்து பின்னைக் காட்டினாள்.

"அடிங்க மொதலாளி. இன்னும் தொறந்துதான் இருக்கு. ஊரு கேக்கட்டும்."

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. தங்கசாமி செருப்பைக்கூடத் தேடாமல் படியிறங்கினார். ராசாங்கம் ஓடிப்போய் மெயினை அணைத்தான். அந்த அமைதிக்குள் தெருவிலிருந்து ஒரு குரல் வந்தது: "யோவ் காசிநாதா, எறங்கி வாய்யா கீழ!"

வேம்பு மடியிலிருந்த இரண்டாம் கேசட்டைச் சுழல் நாற்காலியில் வைத்தாள். "நீங்களே போட்டுக்குங்க," என்றுவிட்டு இறங்கினாள். டீக்கடைக் கூட்டம் வழிவிட்டது.

வீட்டு வாசலில் இருசம்மாள் நின்றிருந்தாள். பக்கத்து வீட்டு ஜன்னலில் முழுக்கக் கேட்டிருந்தாள். முகத்தில் கண்ணீர் இல்லை.

"அவன் மூஞ்சி எப்புடிடி போச்சு? செவந்துச்சா, வெளுத்துச்சா?"

"மொதல்ல செவந்துச்சு அண்ணி. பின்னக் காட்டுனதும் வெளுத்துருச்சு."

"கை ஓங்குனானா?"

"ஓங்குனான். எறக்க மாட்டாம நின்னான்."

"இன்னொருக்கா சொல்லு."

வேம்பு மறுபடி சொன்னாள். இருசம்மாள் தன் அடுப்புச் சோற்றையே ஒரு தட்டில் போட்டு அவள் முன்னால் வைத்தாள்.

ஆனால் வேம்புவுக்குப் பசி அடங்கவில்லை. நாலு நாள் போனால் கேட்ட காதெல்லாம் மந்தமாகிவிடும். காசிநாதன் வீடு வீடாகப் போய்க் கும்பிடுவார். தான் அங்கே இல்லவே இல்லை என்பான் ராசாங்கம். வெள்ளைத்தாளை எடுத்துத் திருச்சிக் கலெக்டருக்கு எழுத உட்கார்ந்தாள். அவள் படித்த செந்துறைப் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழக்கிய விதம்: முதலில் யார், அப்புறம் எங்கே, அதற்கப்புறம்தான் என்ன. 'சுழல் நாற்காலியில் காசிநாதன். ஜன்னலை ஒட்டிய ஸ்டூலில் ராசாங்கம். சோபாவில் தங்கசாமி...' எழுதியதை வாய்விட்டுப் படித்தாள்.

"தங்கசாமி எதுக்குடி? பாவம், மழை விட்டு ஏத்தியிருக்கலாம்னு சொன்ன மனுசன்."

"அதையும் எழுதியிருக்கேன் அண்ணி. சொன்ன மனுசன் சாட்சிக்கு வரட்டும்."

கேஸை மறுபடி விசாரிக்க வேண்டும், பொய்ச்சாட்சி சொன்னவன்மேல் நடவடிக்கை வேண்டும், 'குடிபோதை' என்ற சொல்லை ஸ்டேஷன் காகிதத்திலிருந்து அடிக்க வேண்டும். இவ்வளவுதான் கேட்டாள். கீழே தன் பெயரை எழுதினாள். இருசம்மாள் கட்டைவிரலை மையில் அழுத்தி அதற்குப் பக்கத்தில் வைத்தாள். உறையின் வாயைச் சோற்றுப் பருக்கையால் தேய்த்து ஒட்டியதும் அவள்தான். "பிரியவே கூடாது," என்று உலக்கையை அதன்மேல் கிடத்தி வைத்தாள்.

திங்கட்கிழமை காலை தபாலாபீஸ் திறக்குமுன்பே இருவரும் வாசலில் நின்றார்கள். ரிஜிஸ்தர் தபால் ஜன்னலில் இருந்தவர் விலாசத்தைப் படித்தார். அனுப்புநர் பெயரைப் படித்தார். நிமிர்ந்து வேம்புவைப் பார்த்தார்.

"நேத்து எங்க வூட்லயும் கேட்டுச்சும்மா," என்றார் மெதுவாக.

முத்திரையை மையில் ஒற்றி ஓங்கிக் குத்தினார். ஒன்று போதும். அவர் இரண்டு குத்தினார். பிறகு உறையைத் திருச்சிப் பைக்குள் போட்டார்.