முதல் அடிக்கு ஒரு மெமரி கார்டு

"இந்தக் கார்டை உங்க கேமரா இந்த ஜென்மத்துல ஏத்துக்காதுண்ணா."

ஜாஸ்மின் சொல்லிவிட்டுக் கார்டைக் கவுன்டரில் வைத்தாள். படப்பையில் அவள் மொபைல் கடைக்கு வந்தால் பொய் கிடைக்காது.

"இருக்கிறதுலயே பெருசா பாத்துத்தான வாங்கினேன்?" என்றான் லோகேஷ்.

"அதான் தப்பு. உங்க கேமரா நூத்தியிருபத்தெட்டு ஜிபிக்கு மேல படிக்காது. பெட்டியிலயே போட்டிருக்கு. யாரு படிக்கிறீங்க?"

லோகேஷுக்கு முகம் சுண்டியது. வல்லம் வடகால் தொழிற்சாலையில் அவன் நிற்கும் லைனில் ஒரு போல்ட் அளவு மாறினாலே மெஷின் அடம்பிடிக்கும். தினமும் அதைப் பார்க்கிறவன், வீட்டுக் கண்காணிப்புக் கேமரா விஷயத்தில் மட்டும் பெட்டியைப் பிரித்த வேகத்தில் குப்பையில் போட்டிருந்தான்.

அவசரம் அப்படி. பாப்பா சுவரைப் பிடித்து நிற்கிறாள். கையை விடுகிறாள், யோசிக்கிறாள், பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறாள். இன்றோ நாளையோ நடந்துவிடுவாள். அந்த முதல் அடி விழும்போது அப்பன் லைனில், அம்மா ஜோதி ஒரகடத்தில் இன்னொரு கம்பெனியில். கேட்டிலேயே செக்யூரிட்டி போன் கேமராவின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். அப்புறம் போன் லாக்கருக்குள். வேலை நடுவே எட்டிப் பார்க்க வழியில்லை. பதிவு ஒன்றுதான் கதி. பதிவுக்குக் கார்டு வேண்டும்.

"இதை எடுத்துக்கோங்க," என்று ஜிபி குறைந்த ஒன்றை நீட்டினாள் ஜாஸ்மின். "நாள் முழுக்க எழுதும், அழிக்கும், திரும்ப எழுதும். அதுக்குன்னே செஞ்ச கார்டு. கேமராவுக்குள்ள போட்டு அங்கயே ஃபார்மேட் பண்ணுங்க. முக்கியம்."

சாயங்காலம் கேமராவில் பச்சை விளக்கு எரிந்தது. பாதம் தெரிய வேண்டுமென்று டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் அதை வைத்து, தரையில் படுத்துக் கோணம் பார்த்தான் லோகேஷ்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போகூட இவ்ளோ உத்துப் பாக்கல நீ," என்றாள் ஜோதி.

"அப்போ, சரியில்லன்னா மாத்திக்கலாம்னு யாரும் சொல்லல."

தலையணை பறந்து வந்தது. பாப்பா கைதட்டினாள்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து அவரவர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஓடிவந்தார்கள். அவர்கள் வீட்டிலேயே இருந்து பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இன்னா சொல்றது போ. பால இறக்கி வெச்சிட்டு வரேன், கொழந்த டிவியாண்ட நின்னுகினு சிரிக்குது. தவழ்ந்து போச்சா, நடந்து போச்சா, ஒண்ணும் தெர்ல."

லோகேஷ் போனில் பதிவைத் திறந்தான். ஜோதி அவன் தோளில் தாடையை ஊன்றினாள்.

திரை முழுக்கச் சிவப்பு.

ஓட்டினான். சிவப்பு. இன்னும் ஓட்டினான். அதே சிவப்பு.

"போச்சு. இந்தக் கார்டும் டூப்ளிகேட்டு. இரு, அந்தப் பொண்ணை ஒரு வழி பண்ணிட்டு வரேன்."

செருப்பை மாட்டியவனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள் ஜோதி. மறு கை அவள் வாயைப் பொத்தியிருந்தது.

"கார்டு மேல பழி போடாத. காலைல ஹால்ல யூனிஃபார்ம் மாத்தினேனா, அந்தக் கேமரா முழிச்சி முழிச்சி பாத்துகினே இருந்துச்சு. என் போன்ல நேத்து ஒட்டின ஸ்டிக்கர பிச்சி அது கண்ணுல ஒட்டினேன். பஸ்காரன் ஹாரன் அடிச்சான். அப்படியே ஓடிட்டேன்."

லோகேஷ் குனிந்து கேமராவைப் பார்த்தான். லென்ஸ் பளிச்சென்று இருந்தது.

"இங்க ஸ்டிக்கரே இல்லியேடி."

"நான் எதையும் தொடலப்பா," என்றாள் கிளியம்மாள்.

கிளியம்மாள் பால் இறக்கிய நேரத்துக்குப் பதிவை ஓட்டினான் லோகேஷ். ஜோதி போனின் சத்தத்தைக் கூட்டினாள்.

சிவப்புக்குள்ளிருந்து கொலுசு கேட்டது. பாப்பா தவழ்ந்தால் அது தரையில் சரசரவென்று உரசும். இது அப்படி இல்லை. ஜல். நிசப்தம். ஜல். மறுபடி நிசப்தம். ஜல், ஜல். கிட்டே, மிகக் கிட்டே. அப்புறம் பிஞ்சு நகம் எதையோ சுரண்டும் ஓசை.

சிவப்பின் ஒரு மூலை தூக்கிக்கொண்டது. வெளிச்சம் பாய்ந்தது. எச்சில் வழியும் வாய், இரண்டு பற்கள், விரல் நுனியில் ஒட்டிக்கொண்ட ஸ்டிக்கர். பின்னால் தூரத்தில், அவள் விட்டுவிட்டு வந்த சுவர்.

ஜோதி சிரித்தாள். சிரிப்பு பாதியில் கண்ணீராகிவிட்டது. லோகேஷ் செருப்போடு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஜல்.

இது போனிலிருந்து வரவில்லை.

மெல்லத் திரும்பினார்கள். கிளியம்மாளின் புடவையை விட்டுவிட்டு, நடு ஹாலில் கைகளை விரித்து நின்றிருந்தாள் பாப்பா. ஒரு பாதம் தரையில். இன்னொன்று காற்றில்.