உறவுமுறை: மனைவி

செருப்பைக் கழற்றிவிட்ட பிறகும் ராஜாத்தி அபிதாவின் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. கைப்பையில் தட்டச்சு செய்த தாள் ஒன்று இருந்தது. 'மனுதாரருக்கு ஜாமீன் வழங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று தொடங்கும் தாள். கீழே அபிதா கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தார்கள். கணவன் சுரேஷ்கண்ணன் சிறைக்குப் போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது. உத்தமபாளையம் கோர்ட்டில் முதல் மனு தள்ளுபடியாகிவிட்டது. நாளை மறுநாள் தேனியில் இரண்டாவது மனு. "அந்தப் பொண்ணு தரப்புல எதிர்ப்பு இல்லன்னா சுலபம்தான்" என்ற வக்கீல் ஜெபஷீலா, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "ஆனா நீங்க யாரும் அவங்களப் போய்ப் பாக்கக் கூடாது. மனுவே கெட்டுப்போகும்" என்றும் சொல்லியிருந்தாள். கூட வந்திருந்த சுரேஷ்கண்ணனின் தாய்மாமன் முத்துக்கருப்பன் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். நேரே டைப்பிங் கடைக்குப் போய்த் தாளோடு திரும்பினார். "நா போனா மெரட்டுனதாப் போயிரும். நீ பொம்பள. நீ போனா ஒண்ணுமில்ல."

விடிவதற்குள் கூடலூரிலிருந்து ஜீப்புகள் கிளம்பும். லோயர் கேம்ப் தாண்டி, மலையேறி, குமுளிப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் பெண்களை இறக்கிவிட்டு மாலையில் திரும்பக் கூட்டிவரும். அப்படி ஒரு ஜீப்பைத்தான் சுரேஷ்கண்ணன் ஓட்டினான். ராஜாத்தியும் அதிலேயே காயெடுக்கப் போனாள், பின்னால், பத்துப் பேரோடு இடித்துக்கொண்டு. அபிதாவை முன்சீட்டில் உட்காரச் சொன்னது அவன்தான். வளைவுகளில் கியரை விட்டு அவன் கை எங்கே போகிறது என்று ராஜாத்தி பார்த்திருக்கிறாள். அபிதா தூக்குவாளியை எடுத்து மடியில் வைத்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பி, மலையிலிருந்து மின்நிலையத்துக்கு இறங்கும் பெரிய தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொண்டு வருவாள். பிறகு அவனிடமிருந்து அபிதாவுக்குப் போன் போனது. அவள் தெருமுனையில் அவன் பைக் நின்றது. ராஜாத்தி காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள், மற்றவர்களை இறக்கிவிட்ட பின் ஜீப் அபிதாவின் தெருவில் நிற்காமல் போனது. ஓடுகிற வண்டியிலிருந்து அவள் குதித்தாள்.

அபிதாவின் அம்மா மாயக்காள்தான் வாசலுக்கு வந்தாள். மகளைவிட அவள்தான் இளைத்துப்போயிருந்தாள். கதவுநிலையைப் பிடித்தபடி நின்றாள். உள்ளேயிருந்து அபிதாவின் குரல் கேட்டது. "வரட்டும்மா."

அபிதாவின் வலது கை முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டில் இருந்தது. விரல் நுனிகள் மட்டும் வீங்கி வெளியே தெரிந்தன. தாளில் விட்டிருந்த வெற்றிடம் ராஜாத்திக்கு ஞாபகம் வந்தது. தன் மகள் நதியாவைவிட இவள் ஆறு வயதுதான் மூத்தவள். நதியா ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. ஏனென்று ராஜாத்தி கேட்கவுமில்லை.

"கை சரியானாலும் எந்த ஜீப்புலயும் ஏத்த மாட்டாகளாம்க்கா. டிரைவரெல்லாம் பேசி வச்சிருக்காக" என்றாள் அபிதா. யாரையோ பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள். பிறகு ராஜாத்தியை நிமிர்ந்து பார்த்து, "நீங்க பின்னாடிதான இருந்தீக. ஒருநாளாச்சும் பாத்தீகளா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

சுவரில் மின்விசிறியின் நிழல் சுற்றிக்கொண்டிருந்தது.

"பாத்தேன்" என்றாள் ராஜாத்தி.

"பாத்துட்டா சும்மா வந்த?" மாயக்காளின் குரல் உயரவில்லை. ராஜாத்தி தாளை வெளியே எடுக்காமலேயே எழுந்துவிட்டாள்.

தேனியில் விசாரணை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அரசு வக்கீல், பாதிக்கப்பட்டவர் எதிர்ப்புத் தெரிவிக்கிறார் என்றார். போலீஸ் விசாரணை பெரும்பாலும் முடிந்துவிட்டது, மனுதாரர் பல நாள் சிறையில் இருந்துவிட்டார் என்று ஜெபஷீலா சொன்னாள். ஜாமீன் கிடைத்தது. இரண்டு ஜாமீன்தாரர்கள், ஒருவர் நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. அந்தப் பெண்ணைப் பார்க்கவோ பேசவோ கூடாது. சாட்சிகளைக் கலைக்கக் கூடாது. வராந்தாவில் ஜெபஷீலா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"சாட்சின்னா யாரும்மா?" என்று கேட்டாள் ராஜாத்தி.

"பாத்தவங்க" என்றாள் ஜெபஷீலா. அடுத்த கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு வேறு கோர்ட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் உத்தமபாளையத்தில் ஜாமீன் பத்திரம். முத்துக்கருப்பன் வீட்டுவரி ரசீதோடு முதலிலேயே வந்து நின்றார். எழுத்தர் தலைநிமிராமல் ராஜாத்தியிடம் கேட்டார்.

"என்ன உறவு?"

"சம்சாரம்."

'உறவுமுறை: மனைவி' என்று அவர் எழுதுவதை ராஜாத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடும்போதெல்லாம் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவது உங்கள் பொறுப்பு, தெரியுமா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். தெரியும் என்றாள். பார்த்தாயா என்று இன்னும் ஒரு கேள்வி கேட்பார் என்று நின்றாள். அவர் அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார்.

சாயங்காலம் சிறைவாசலில் சுரேஷ்கண்ணன் தாடியோடு வந்தான். சட்டை தொளதொளவென்று தொங்கியது. அவளைப் பார்த்ததும் கண் கலங்கினான். அவளுக்கும் ஏதோ கலங்கத்தான் செய்தது. அது எதற்கு என்று பிரித்துப் பார்க்க உடம்பில் தெம்பில்லை. கம்பம் பஸ்ஸில் ஜன்னலோரம் அவனை உட்காரவைத்தாள். வீரபாண்டி தாண்டியதும் அவன் ஆரம்பித்தான்.

"அவ கையெழுத்துப் போடலியாம்ல. மாமா ஜெயிலுக்குப் பாக்க வந்தப்ப சொன்னாக."

"நா கேக்கல."

"கேக்கவே இல்லையா?"

"அவதான் கேட்டா. பாத்தியான்னு. பாத்தேன்னு சொன்னேன்."

அவன் வெளியே திரும்பிக்கொண்டான். வாழைத்தோப்புகளில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பாமலே, "போலீஸ்ல சொன்னியா?" என்றான்.

"இன்னும் யாரும் கேக்கல."

"கேட்டா?"

ராஜாத்தி டிக்கெட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

சின்னமனூரில் பஸ் நின்றதும், "ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்" என்று இறங்கினான். பஸ் நிலையத்துக் கூட்டத்தில் அவன் சட்டை கொஞ்ச தூரம் தெரிந்தது. அப்புறம் எந்தக் கடைப்பக்கம் போனான் என்று பிடிபடவில்லை. காலியான இடத்தில் ஒரு அம்மாள் பூக்கூடையை வைக்கப் பார்த்தாள். ஆளிருக்கு என்று ராஜாத்தி கைகாட்டினாள். டிரைவர் ஏறி உட்கார்ந்தார். இன்ஜின் உறுமி, ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

கண்டக்டர் பின்பக்கமிருந்து எண்ணிக்கொண்டே வந்து அவளருகில் நின்றார். "பக்கத்து ஆளு ஏறியாச்சாம்மா?"

விசிலை உதட்டில் வைத்தபடி, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் மெல்லப் பின்னால் நகரத் தொடங்கியிருந்தது.