கறுப்புப் பசுவின் கண்ணாடி

அண்ணன் இறந்த சில மாதங்களில் எங்கள் கறுப்புப் பசுக்களின் கண்களைச் சுற்றி முடி வெளுத்தது, அவருடைய வட்டக் கண்ணாடியைப் போலவே.

“உங்கண்ணன்தான் பாக்குறாரு,” என்றார் அண்ணி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். “புல்லு பச்சைப்பசேல்னு இருந்து என்ன பண்ண? அதுல தாமிரச் சத்து இல்ல, அதான் முடி வெளுக்குது. மாடு நக்குறதுக்குத் தாது உப்புக்கட்டி வைக்கிறதில்லையா?” என்றார். அதை வைத்துவந்தது அண்ணன், அவர் போனபின் எங்களுக்குத் தோன்றவேயில்லை.

தொட்டிக்கு ஒன்றாகத் தொங்கவிட்டேன். மெல்ல மெல்ல எல்லா முகங்களும் கறுத்தன, மூலையில் கட்டிய ஒன்றைத் தவிர. அதன் உப்புக்கட்டி அண்ணன் பீரோவில், சட்டைகளுக்கு அடியில் இருந்தது.

“மாடு செத்துடும் அண்ணி!” என்று கத்தினேன்.

“ஒண்ணாவது இருக்கட்டும்ப்பா.”

கட்டியோடு கொட்டிலுக்குப் போனேன். வெள்ளை வளையங்களுக்குள்ளிருந்து பசு என்னைப் பார்த்தது. தொங்கவிடக் கை வரவில்லை.